நளினிக்கு ஒரு விளக்கு

சிவப்பு கேட்டால் பச்சை வந்தது. பச்சை கேட்டால் மூன்று விளக்குகள் சேர்ந்து கண்ணடித்தன. தேயிலைத் தோட்ட மண்டபத்தின் நடுவில், மடிக்கணினிக்கு முன்னால், சிவனேஸ்வரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். பொங்கல் கலைவிழாவுக்கு மேடை விளக்குப் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். காரணம், மனைவி நளினி. கல்யாணத்துக்குப் பிறகு சலங்கையைத் தொடாதவள் இன்று ஆடப்போகிறாள். பெயர் கொடுத்ததும் அவர்தான். கொடுத்த பிறகுதான் அவளிடமே சொன்னார்.

"நடு மேடையில உன் மேல மட்டும் வெளிச்சம் விழும், பாரு!"

"அவ்வளவு வெளிச்சம் வேணுமாங்க?" என்றாள் நளினி. பாவம், எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

"என்னா சார், டிஸ்கோவா?" விழாத் தலைவர், தோட்ட அலுவலகக் கிராணி விஜயன் எட்டிப் பார்த்தார். "துரை வர்ற நேரமாச்சு லா."

சிவனேஸ்வரன் பிரிஞ்சாங் பட்டணத்தில் விளக்கு வாடகைக்கு விடும் தனேஷுக்குப் போன் போட்டார்.

"லைட்டுக்கெல்லாம் என்னா நம்பர் வெச்சீங்க, சார்?"

"வரிசையாத்தான். ஒண்ணு, ரெண்டுன்னு ஏழு வரைக்கும். புகை மெஷினுக்கு எட்டு."

"ஐயோ, பிள்ளைங்களுக்கு வகுப்புல போடற மாதிரி போட்டுட்டீங்களே! ஒரு லைட்டே ஏழு நம்பர் எடுத்துக்கும் சார். வெளிச்சத்துக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, இப்படி. மொத லைட்டு ஒண்ணுல ஆரம்பிச்சா அடுத்தது எட்டுல ஆரம்பிக்கணும். அதுக்கடுத்தது பதினஞ்சு. லைட்டுலயும் மாத்துங்க, லேப்டாப்புலயும் மாத்துங்க."

வெறும் ஏழாம் வாய்ப்பாடு! கணக்கு வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏணியில் ஏறி ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் பொத்தானை அமுக்கி எண்ணை மாற்றினார். இறங்கி வந்து கணினியிலும் மாற்றினார். இப்போது சிவப்பு கேட்டால் சிவப்பே வந்தது. நடு மேடைக்கான இரண்டாவது விளக்கு எட்டாம் எண்ணில் ஜம்மென்று எரிந்தது.

திரைக்குப் பின்னால், இன்னும் கரண்டு கொடுக்காமல் கிடந்த புகை மெஷினும் அதே எட்டாம் எண்ணில்தான் இருந்தது; எட்டுக்குப் போகும் உத்தரவு இனி இரண்டுக்குமே போகும். அதையும் மாற்றவேண்டும் என்று தனேஷும் சொல்லவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. புகை மெஷினுக்குக் கரண்டு கொடுத்தாயிற்று. தோட்ட மேலாளரான துரை பேச எழுந்தார். சிவனேஸ்வரன் இரண்டாவது விளக்கைக் கொஞ்சமாக ஏற்றினார். துரையின் காலடியில் வெள்ளையாக ஏதோ தவழ்ந்து வந்தது.

"பனி உள்ள வந்துருச்சு! சன்னலச் சாத்துங்க!" என்று விஜயன் கத்தினார்.

கேமரன் மலையில் அந்த நேரத்துக்கு யாருக்குத்தான் வேறு என்ன தோன்றும்? ஆளுக்கொரு பக்கம் ஓடிச் சன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கச் சாத்தினார்கள். வெளியே போயிருக்க வேண்டிய புகையும் உள்ளேயே தங்கிவிட்டது. துரை இருமி இருமி வாழ்த்துச் சொல்லி முடித்தார்.

"அடுத்து, நளினி அவர்களின் பரதநாட்டியம்!"

பாட்டு ஆரம்பித்தது. மேடை மங்கலாக இருந்தது. நளினி முகம் தெரியவில்லையே என்று சிவனேஸ்வரன் இரண்டாவது விளக்கைப் பாதிக்கு ஏற்றினார். புகை இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. பதறிப்போய் இன்னும் ஏற்றினார். பின்திரை காணாமல் போனது. முழுக்க ஏற்றினார். மேடையே காணாமல் போனது.

"சன்னல நல்லாச் சாத்துங்க லா!" என்றார் விஜயன் மறுபடியும்.

விளக்கைக் குறைத்தால் நளினி இருட்டில் நிற்பாளே! அதற்கு அவருக்கு மனம் வரவில்லை. புகைக்குள் சிவப்பும் நீலமும் சுழன்றன. உள்ளேயிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் ஓயாமல், மூச்சு விடாமல் கேட்டது. பாட்டு முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

சிவனேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் இத்தனை வருஷம் கழித்து ஆடியதைத் தம்மால் ஒருவரும் பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஓடினார். மேடையை ஒட்டியிருந்த ஒப்பனை அறை வாசலில் நளினி நின்றாள்.

"மன்னிச்சிடு நளினி. உன் மொகத்தக்கூட யாரும் பாக்கல. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

நளினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கு என் மானமே போயிருக்கும்ங்க."

கேலி செய்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. அதற்குள் விஜயன் மூச்சிரைக்க வந்தார்.

"என்னா ஆட்டம் நளினி! என்னா வேகம்! மேகத்துக்குள்ள ஆடுன மாதிரியே இருந்துச்சு. அடுத்த வருஷமும் நீதான் ஆடணும்னு துரையே சொல்லிட்டாரு!"

சொல்லிவிட்டு அவர் போனதும், நளினிக்குப் பூ வைத்துவிட வந்திருந்த பாஞ்சாலை தேநீர்க் குவளையோடு அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த வருஷமும் அந்தப் புகைய மறக்காமப் போட்டுருங்க சார். நளினி எங்க மேடைக்குப் போச்சு? கடைசி வரைக்கும் இந்த பெஞ்சுல என் கையப் புடிச்சுக்கிட்டுல்ல உக்காந்திருந்துச்சு. நீங்கல்லாம் கேட்ட சலங்கைச் சத்தம், பயத்துல அது காலு நடுங்குனது!"