ரப்பர் தோட்டத்தில் மறைய வேண்டிய நிபின்

நிபின் காணாமல் போகவில்லை. அதுதான் பிரச்சினை.

ஆரியங்கோட்டில், வேலாயுதனின் ரப்பர் தோட்டத்துக்கு நட்டநடுவே, தலை முதல் கால் வரை பச்சைத் திட்டுத் திட்டான சீருடையில், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு அவன் நின்றான். ரோட்டில் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, கல்யாணம் எப்போது என்று விசாரித்தார். ஜன்னலோரம் இருந்த அத்தனை பேரும் கையசைத்தார்கள். எங்கிருந்தோ ஒரு பசு வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து, இவ்வளவு பசுமையை இதுவரை கண்டதில்லை என்பதுபோல அவன் முழங்கையை நக்கியது.

வேலாயுதன் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"எலே, அனங்கப்பிடாதுன்னு சொன்னேன்லா. அனங்கினியா?"

"இல்ல மாமா. கண்ணைக்கூட சிமிட்டல்ல."

"பின்ன எப்படிலே போற வாற பஸ்ஸெல்லாம் உன்னைக் காணுது?"

வேலாயுதன் பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளம் என்றால் துப்பாக்கிப் பக்கம் இல்லை, துணிப் பக்கம். சீருடைக் கிடங்கிலேயே மீசை நரைத்தவர். இந்திய எல்லைகளில் நின்றவர்களில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர் ஓய்வில் வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. தென்கோடிக் காடுகளில் வீரர்கள் எதிரி கண்ணில் படாமல் நிற்பதற்குப் புதிதாக ஒரு துணி வடிவம் வேண்டும். யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம். பிடித்திருந்தால் ஒரு மேஜர் நேரில் வந்து பார்ப்பார்.

வேலாயுதன் வரைந்தார். அனுப்பினார். பிப்ரவரியில் மேஜர் வருகிறார் என்று பதில் வந்தது.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. அவருடைய தங்கை மகன் நிபினுக்குப் பாறசாலையில் ஒரு பிரின்டிங் கடை உண்டு. சந்தோஷம் தாங்காமல் அவன் அன்று சாயங்காலமே ஜங்ஷனில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டான். 'இந்திய ராணுவத்துக்கே உடை கொடுத்த எங்கள் வேலாயுதன்.' இரண்டு மாடி உயரம். மீசை மட்டுமே ஒரு ஆட்டோ நீளம். திருவனந்தபுரம் போகிற லாரிக்காரர்கள் அதைப் பார்த்துப் பயந்து பிரேக் போட்டார்கள். வாசகசாலைக்காரர்கள் பாராட்டு விழாவுக்கு மைக் செட்டே சொல்லிவைத்தார்கள்.

மச்சான் பொன்னப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர் அவர்.

"அத்தான், மேஜர் வேண்டாம்னு சொல்லிட்டா இந்த ஃப்ளெக்ஸை ஏறி அவுக்கது யாரு? நீங்க நெத்திப் பக்கம் பிடிங்க. மீசைப் பக்கம் நான் பிடிச்சுக்கிடுதேன்."

அன்றிலிருந்து வேலாயுதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் பார்க்கத் தன் முகத்தைத் தானே சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பதுபோல ஒரு காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது.

முதல் மாதிரி ஏன் தோற்றது என்று ஆராய்ந்தார்கள். நிபினுடைய மிஷின் ஆயுள் முழுக்கக் கால்பந்து ஜெர்சி அடித்தே பழகியது. எந்தப் பச்சையைக் கொடுத்தாலும் அது கோப்பை ஜெயித்த பச்சையாக்கித்தான் வெளியே தள்ளும். துணி வேறு பளபளவென்று மின்னியது. ரப்பர் பாலை மேலே பூசினால் மினுக்கம் போய்விடும் என்று பொன்னப்பன் யோசனை சொன்னார். பூசினார்கள்.

மினுக்கம் போனது. நிபினும் போயிருப்பான். பால் உறைய உறைய, கை விலாவோடு ஒட்டியது. தொடை தொடையோடு ஒட்டியது. சருகு, கோழி இறகு, கட்டெறும்பு என்று தோட்டத்தில் உள்ளதெல்லாம் அவன்மேல் குடியேறின. இதுவல்லவா இயற்கை என்று வேலாயுதன் கைதட்டினார். உச்சிவெயில் ஏறியதும் பால் நாறத் தொடங்கியது. ஆரியங்கோட்டு நாய்கள் மொத்தமும் வந்தன. நெய்யாற்றின்கரை நாய்கள் ஜீப் பிடித்து வந்தன என்றுகூடச் சொல்லலாம். இரண்டு கால்களும் ஒட்டிய நிபின் ஒற்றைக் காலாகக் குதித்துக் குதித்து, காஞ்சிரங்குளம் வரை போய்த்தான் நின்றான். தேங்காயெண்ணெய் ஊற்றி உரித்ததில் துணியோடு நெஞ்சு முடியும் வந்துவிட்டது.

அடுத்த முறை வேலாயுதன் தவறே விடவில்லை. தோட்டத்திலிருந்து ஒரு இலையைப் பறித்து, மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்து, நிறத்துக்கு நிறம் ஒப்பிட்டு அச்சடிக்கச் சொன்னார். மனைவி பங்கஜாட்சி தைத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு நிபின் தோட்டத்துக்குள் போனால், தோட்டம் முழுக்கச் சிவப்பு.

ஜனவரியில் ரப்பர் மரம் இலை பழுத்து உதிர்க்கும் என்பது அந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வேலாயுதனுக்கும் தெரியும். ஆனால் அதுவரை அதைப் பால் குறைகிற சங்கதியாக மட்டுமே நினைத்திருந்தார். துணி சம்பந்தப்பட்ட சங்கதி என்று தோன்றவில்லை. உடனே சிவப்பில் அடித்தார். சிவப்பு தைத்து வருவதற்குள் இலையெல்லாம் தரையில் கிடந்தது. மொட்டை மரங்களுக்கு நடுவே நிபின் தபால்பெட்டி மாதிரி நின்றான். ஒரு கிழவர் நெருங்கி வந்து, கையிலிருந்த கவரை எங்கே போடுவது என்று தேடினார்.

"மாமா, மரமே நமக்கு எதிரா வேலை செய்யுதாக்கும்," என்றான் நிபின்.

அந்த வார்த்தையில்தான் வேலாயுதனுக்குப் பொறி தட்டியது. இலைதானே மாறுகிறது? பட்டை மாறுவதில்லையே. சாம்பல் நிறத்தில் பட்டை, அதில் சரிவாக வெட்டுத் தழும்பு, தழும்பிலிருந்து வடியும் வெள்ளைக் கோடு. வரைந்தார், அடித்தார். மறுநாள் விடிகிற நேரத்தில், வரிசையில் ஒரு மரம் விழுந்த இடத்தில் நிபினை நிறுத்தினார். பொன்னப்பன் கொட்டாவி விட்டபடி வந்தார். அவன் இடுப்பில் கம்பியைச் சுற்றிப் பால் பிடிக்கிற சிரட்டையைக் கட்டினார். வெட்டுக் கத்தியை ஓங்கினார். நிபின் போட்ட அலறலில் பொன்னப்பனுக்கு ஒரு வாரம் காது அடைத்திருந்தது.

வேலாயுதன் ஆனந்தத்தில் அழுதார். பால் வெட்டுகிறவனே ஏமாந்துவிட்டானே, மேஜர் எம்மாத்திரம்.

மேஜர் வருகிற அன்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. நிபின் இவ்வளவு நன்றாக மறைந்திருக்கிறான். அந்த மறைவு மேஜருக்கு நன்றாகத் தெரிய வேண்டாமா? அவனை வரிசையிலிருந்து நாலடி முன்னால் இழுத்து நிறுத்தினார்.

மேஜர் கோயம்புத்தூர்க்காரர். ஜீப்பிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தார்.

"அதோ, வரிசை தப்பி செருப்புப் போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவர்தானே?"

பட்டாளத்துக் கண்ணுக்கு வரிசை தப்பியதுதான் முதலில் படும் என்பதை வேலாயுதன் மறந்துபோனார். இது சும்மா ஒத்திகை, முதலில் சாயா குடிக்க வேண்டும் என்று சமாளித்தார். சாயா வந்தது. பழம்பொரி வந்தது. மேஜரும் டிரைவரும் வேலாயுதனும் குடித்தார்கள். அதற்குள் நிபின் செருப்பைக் கழற்றிவிட்டு, மரம் விழுந்த இடத்தில் போய் நின்றான்.

மேஜர் திரும்பிப் பார்த்தார். மூச்சு விடுவது தெரிகிறது என்றார். நிபின் மூச்சைப் பிடித்தான். முகம் சிவந்தது. டிரைவர் பழம்பொரியிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்தச் சிவப்பு மரம்தானே சார் என்றார். வேலாயுதன் இன்னொரு சாயாவுக்குச் சொன்னார். அதுவும் வந்தது. அதையும் குடித்தார்கள். நிபின் குனிந்து பார்த்தான், சாய்ந்து பார்த்தான், மரத்தைக் கட்டிப்பிடித்தும் பார்த்தான். ஒவ்வொரு முறையும் மேஜர் விரலை மட்டும் நீட்டினார்.

கடைசியில் மேஜர் வேலாயுதனின் தோளில் கை வைத்தார்.

"உங்க உழைப்பு தெரியுதுங்க. ஆனா துணி அதைவிட நல்லாத் தெரியுது. வருத்தப்படாதீங்க."

வேலாயுதனுக்குத் தோட்டம் சுற்றியது. ஜங்ஷன் தெரிந்தது. ஏணி தெரிந்தது. மீசைப் பக்கம் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பொன்னப்பன் தெரிந்தார்.

மேஜர் குடித்து முடித்த கிளாஸை எங்கே வைக்கலாம் என்று பார்த்தார். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.

மேஜர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கையைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு முழங்கை வரை போனார், அங்கே தொலைத்தார். மறுபடி தேடித் தோளைப் பிடித்தார், மறுபடி தொலைத்தார். டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். மெல்ல மெல்லத்தான் துலங்கியது. காப்பி நிறத்தில் வெளுத்துப்போன இலைகள். இலைகளுக்கு நடுவே என்ன பூ என்று சொல்ல முடியாத பூக்கள். அங்கங்கே ரப்பர் பால் காய்ந்த கறை. மேலே ஒரு துவர்த்துத் துண்டு. அதற்கும் மேலே ஒரு முகம்.

பாறசாலைச் சந்தையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்கிற நைட்டி. உள்ளே பங்கஜாட்சி.

மேஜர் வேலாயுதனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை விடவேயில்லை.

"இதை ஏங்க கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சீங்க? காஷ்மீர்ல இருந்து அந்தமான் வரைக்கும் மாதிரி பாத்தாச்சு, ஒரு ஆள் இப்படி மறைஞ்சு நான் பாத்ததே இல்லை. இந்தத் துணிதான். இன்னைக்கே மேல சொல்லிடறேன்."

வேலாயுதன் மனைவியை உச்சி முதல் பாதம் வரை, பெண் பார்க்கப் போன அன்று பார்த்ததைவிடக் கவனமாகப் பார்த்தார்.

"ஏட்டி, நீ எப்பம் இங்க வந்தே?"

பங்கஜாட்சி காலிக் கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"ரெண்டு தடவை மூணு பேரும் குடிச்சியளே, அந்தச் சாயா பின்ன ரப்பர் மரத்துல இருந்தா வடிஞ்சது?"