பலூன் காத்த பாண்டியன்

வாழி அவன் வலக்கண். வாழி அவன் விசைவிரல். மேகமலை குடைபிடிக்க, முல்லையாறு கால்கழுவ, வாழைத்தோப்புகள் கவரி வீசச் செழித்திருக்கும் சின்னமனூர்த் திருநகரில், எரிந்த மோட்டார்களுக்கு மறுவுயிர் அளிக்கும் வைண்டிங் கடையின் அதிபனும், செம்புக்கம்பி சுற்றிச் சிவந்த செங்கையனும், ராஜாத்தி என்னும் நங்கையின் நாயகனுமாகிய ஈஸ்வரபாண்டி, இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் சித்திரை வெயிலில் ஆற்றிய பெரும்போரை உரைக்கப் புகுகிறோம். அவசர வேலை உள்ளவர்கள் போய் முடித்துவிட்டு வரலாம். போர் அதற்குள் முடிந்துவிடாது.

அப்போருக்கு வித்திட்டது அதற்கு முந்தைய ஆண்டு வீரபாண்டித் திருவிழாவில் நேர்ந்த பேரவமானம். ராட்டினங்களுக்கும் அல்வாக் கடைகளுக்கும் நடுவே, கறுப்புத் திரையில் வரிசை வரிசையாய்ப் பலூன் கட்டியிருந்த துப்பாக்கிக் கடையின் முன், உற்றார் அனைவரும் சூழ நிற்க, நம் தலைவன் ஐந்து குண்டுகளைச் சுட்டான். ஒன்று திரையைத் துளைத்தது. ஒன்று மூங்கிலைத் தீண்டியது. ஏனைய மூன்றும் எவ்வுலகம் புகுந்தனவோ, கண்டவர் எவருமில்லை. அடுத்து வந்தவன் ராஜாத்தியின் உடன்பிறந்த அண்ணன் ஒச்சாண்டி. கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பின் சாரதி. அவன் ஐந்தையும் உடைத்தான். உடைத்ததோடு நிற்காமல், துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊரறிய மொழிந்தான்:

"எங்க மாப்ள சுட வரலப்பா. பலூனுக்குக் காவல் இருக்க வந்திருக்காக."

அன்று பிறந்தது 'பலூன் காத்த பாண்டியன்' என்னும் பட்டம். கடல் கடந்தும் களம் வென்றும் பட்டம் பூண்ட பாண்டியர் பலர். பலூன் காத்துப் பட்டம் பெற்றவன் இவன் ஒருவனே. ஒச்சாண்டியின் ஜீப் ஏறிய அப்பட்டம் லோயர் கேம்ப் மலைவளைவுகளில் சிரித்துக்கொண்டே ஏறி, எல்லை தாண்டி, மலையாளத்திலும் வழங்கலாயிற்று. கோயில் வரி வசூலிக்க வந்தவர்கள்கூட ரசீதில் 'பலூன்' ஈஸ்வரபாண்டி என்றே எழுதினார்கள். வேறு ஈஸ்வரபாண்டிகளோடு குழப்பம் வந்துவிடக் கூடாதாம். நம் தலைவன் சிரித்தபடி அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அன்று சோறு இறங்கவில்லை.

மறம் கிளர்ந்தது. தேனிக்குப் போன தலைவன், பேருந்து நிலையத்தை ஒட்டிய பேன்சி கடையில், தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டியொன்றையும் அதனோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியையும் வாங்கி, மகளுக்கென்று பொய்யுரைத்து மனைபுகுந்தான். மகள் தேவயானி இரண்டு நாள் ஆடிச் சலித்து விலகினாள். மூன்றாம் நாள் முதல் அக்கூடம் போர்ப்பயிற்சிச் சாலை ஆயிற்று. திரையில் நாணல் புதரிலிருந்து எழுந்து பறந்தன வாத்துகள். எழுந்தவை எல்லாம் வீழ்ந்தன. நின்று சுட்டான், முழந்தாளிட்டுச் சுட்டான், மூச்சடக்கிச் சுட்டான், லுங்கியை மடித்துக் கட்டி, கட்டிலின் பின்னே பதுங்கி, திடீரென எழுந்தும் சுட்டான். சூறைக்காற்றில் உதிரும் இலவம்பஞ்சென உதிர்ந்தது வாத்துக்குலம். மாலைத் தொடர்களை இழந்த ராஜாத்தி, பக்கத்து வீட்டு மலையம்மாளிடம் கதை கேட்டுத் தெரிந்துகொள்ளும் அகதியானாள். ஆயினும் அவள் கடிந்துகொள்ளவில்லை. ஓராண்டாகத் தலைகுனிந்து நடந்த கணவன், இப்போது தண்ணீர்க் குடத்தைக்கூட மார்பு நிமிர்த்தித் தூக்கி வருவதை அவள் கண்டிருந்தாள்.

திருவிழாவுக்கு இரு நாள் முன்னர் விதி தன் வேலையைக் காட்டியது. ஆட்டத்தை அணைக்காமல் தலைவன் குளிக்கப் போயிருக்க, கூடம் பெருக்க வந்த ராஜாத்தி நாற்காலியில் கிடந்த துப்பாக்கியை எடுத்தாள். விரல் தற்செயலாய் விசையில் பட்டது. துப்பாக்கியின் வாய் தொலைக்காட்சிக்கு மேலே எரிந்த ட்யூப்லைட்டைப் பார்த்திருந்தது. வாத்து விழுந்தது. திகைத்து மீண்டும் ட்யூப்லைட்டையே சுட்டாள். மீண்டும் வாத்து விழுந்தது. விளக்கை அணைத்துவிட்டுச் சுட்டாள். வாத்து நலமாகப் பறந்து போனது. வெளிச்சம் எங்கே தென்பட்டாலும் வென்றதாக எண்ணிக்கொள்ளும் அப்பேதைத் துப்பாக்கியின் மெய்ம்மை அவளுக்கு விளங்கியது. அத்தனை வாத்துகளையும் கொன்றது கணவன் அல்லன், நாற்பது வாட்ஸ் ட்யூப்லைட். குளியலறையிலிருந்து அவன் சீழ்க்கையடிக்கும் ஓசை கேட்டது. அவள் விளக்கை மறுபடி போட்டுவிட்டு, துப்பாக்கியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

திருவிழா மாலையில் அழைத்துச் செல்ல ஜீப்போடு வந்த அண்ணனை வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, இந்தத் தடவ நீ விட்டுக் குடுத்துரு."

"எதையாத்தா?"

"பலூன."

ஒச்சாண்டி மீசையைத் தடவினான். "அஞ்சையுமா?"

"அஞ்சையுந்தான். அவுக சோறு திங்காம இருந்தது உனக்குத் தெரியாது."

அவன் முகம் மாறியது. விளையாட்டாய்ச் சொன்ன சொல் அவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. சரியென்று தலையசைத்தான்.

முரசெனச் செண்டை முழங்க, தீச்சட்டிகள் செந்தீ உமிழ, பொரி மணலென இறைபட, வீரபாண்டிக் களத்தில் இரு வீரரும் எதிர்நின்றனர். முதலில் துப்பாக்கியை ஏந்தினான் ஒச்சாண்டி. சொன்ன சொல் தவறாதவன், இரு பலூன்களுக்கு இடையே தெரிந்த வெறுந்திரையைக் கூர்ந்து குறிவைத்துச் சுட்டான். வலப்பக்கப் பலூன் வெடித்தது. திடுக்கிட்டு வேறோர் இடைவெளியைத் தேர்ந்தான். அதன் வலப்பக்கப் பலூனும் வெடித்தது. கூட்டம் ஆர்ப்பரிக்க, அவன் நெற்றி வியர்க்க, தோற்பதற்காக உயிரைக் கொடுத்துப் போராடிய அவ்வீரன் ஐந்து முறையும் வென்றான். தங்கையைப் பார்த்து, சத்தியமாய் நான் இல்லை என்பதுபோல் கைவிரித்தான்.

பின்னர் எழுந்தான் ஈஸ்வரபாண்டி. பிளாஸ்டிக் துப்பாக்கி பூப்போல இருந்தது, இதுவோ இரும்பு. மூச்சடக்கி, மஞ்சள் பலூனின் நடுமார்பைக் குறித்துச் சுட்டான். குண்டு பலூனுக்கு வலப்புறம் திரையில் புதைந்தது. மீண்டும் சுட்டான், மீண்டும் திரை. "காவல் பலமா இருக்குடோய்" என்றது பின்னிருந்து ஒரு குரல். தலைவனின் காது மடல் கனன்றது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தில் கரைந்துபோகலாமா என்று ஒரு கணம் எண்ணினான்.

ராஜாத்தி இரண்டையும் பார்த்திருந்தாள். வெற்றிடத்தைக் குறித்த அண்ணன் பலூனை உடைக்கிறான். பலூனைக் குறித்த கணவன் வெற்றிடத்தைச் சுடுகிறான். இவ்வாண்டுத் துப்பாக்கியின் குழல் வலப்பக்கம் இழுக்கிறது. அவள் கூட்டத்தை விலக்கி முன்வந்து, சுற்றம் மறந்து, உரத்து மொழிந்தாள்:

"ஏங்க, அது பலூன் இல்ல, வாத்து. எடப்பக்கமாப் பறக்குது. அதுக்கு முன்னால இருக்க வெத்தெடத்தச் சுடுங்க."

காரணம் கேட்கவில்லை தலைவன். மஞ்சள் பலூனுக்குச் சிறகு முளைத்ததாகக் கண்டான்; அது பறக்கும் திசையில் ஒரு கையகலம் முன்னே குறிவைத்தான்; விசையை இழுத்தான். இடியெனவோ, எரிமலையெனவோ, அணைமதகு உடைந்தாற்போலவோ, எப்படிச் சொன்னாலும் போதாத ஓசையோடு அம்மஞ்சள் பலூன் வெடித்தது. அதன் அதிர்வு அவன் விலா எலும்புவரை சென்றது. அடுத்துச் சிவப்பு, அதனை அடுத்துப் பச்சை. குண்டு தீர்ந்தது.

கணக்கில் தோல்விதான். ஆனால் மண்ணதிரக் குதித்தவன் ஒச்சாண்டி. தன் வெற்றிக்குக் கலங்கி, எதிரியின் வெற்றிக்குக் கூத்தாடிய அவன், தலைவனை இடுப்போடு தூக்கிச் சுற்றினான்.

"மூணு போச்சு மாப்ள. இனி எவன் உங்களக் காவக்காரருன்னு சொல்லுவான்?"

"எறக்கி விடுங்க மச்சான், ஆளுக பாக்குறாக" என்றான் தலைவன்.

இவ்வாறு, ஓராண்டு சுமந்த பழிப்பட்டம் மூன்று பலூன்களின் காற்றோடு காற்றாய்க் கலந்து மறைய, வையம் போற்ற மனைமீண்ட அவ்வீரன், மறுநாட்காலை கடையின் கதவுகளைக் கோட்டைக் கதவுகளெனத் திறந்து நிற்கையில், மார்க்கையன்கோட்டை விவசாயி ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கி, மிகுந்த மரியாதையோடு வினவினார்:

"வாத்துச் சுட்டவரு கடை இதுதானுங்களா?"

வில்லொத்த புருவம் ஒரு கணம் நெரிந்து, கடையின் உள்ளே சோற்றுத் தூக்கோடு நின்ற ராஜாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொள்வதைக் கண்டு, மெல்லத் தளர்ந்து, அண்டமெலாம் நடுங்கும் தன் திருவாய் மலர்ந்தான் ஈஸ்வரபாண்டி: "இதுதான். இங்கன எறக்குங்க."

மோட்டாரில் செம்புக்கம்பிச் சுருள் எரிந்திருந்தது.