மேஜரின் தபசுகாலம்

விபூதிப் புதனன்று சாந்தோம் கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள லூயிஸ் வாத்தியார் வரிசையில் நின்றார். முகத்தில் ஒரு வருஷத்துப் பாவத்துக்கான துக்கம். அப்போது பின்னால் 'கடக் முடக்' என்று ஒரு சத்தம். திரும்பினார். தூணோரம் அவருடைய நாய் மேஜர் சாவகாசமாகப் படுத்து, ஒரு ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கி, ஊரே கறியை ஒதுக்குகிற நாள். கோவிலுக்குள் வாத்தியார் வீட்டு எலும்பு.

பக்கத்து வீட்டு விக்டர் காதோரம் குனிந்தார். "இன்னா வாத்யாரே, உங்க ஊட்ல தபசு அடுத்த வாரந்தானா?"

லூயிஸ் சாம்பல் பூசாமலே வெளுத்தார்.

யுத்தம் முடிந்து சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார மேஜர் விட்டுப்போன நாய் அது. பெயரும் அவர் விட்டுப்போனதுதான். வீட்டுக்குக் கூட்டிவந்தவள் லூயிஸின் மனைவி அல்போன்சா. லூயிஸ் அன்று வேண்டாம் என்று சொன்னார். எதற்கும் முதலில் அப்படித்தான் சொல்வார். அவள் காதில் அது விழுவதில்லை.

"இந்த நாய் இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாது," என்றார் வாசற்படி ஏறும்போதே.

"எலும்பு நேத்து உள்ளதுங்க."

"எலும்புல தேதியா போட்டிருக்கு? ஊருக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு என்ன ஞானஸ்நானமா குடுத்திருக்கோம், தபசு இருக்க? இருக்க வேண்டியது நாம."

"நான் இருப்பேன். ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டேன்."

அல்போன்சா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. இருந்து காட்டுங்க. ஈஸ்டர் மறுநாள் என் தம்பியை வரச் சொல்றேன். மேஜரைப் பாலவாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகட்டும். ஆனா நடுவுல ஒரு வாய் தின்னீங்கன்னா, மேஜர் இங்கதான்."

"சம்மதம்."

அன்று மாலையே அவள் மதில் வழியாக விக்டரின் மனைவி நோராவிடம் சொல்ல, மறுநாள் காலை விக்டர் தெருவுக்கே சொன்னார். "ஈஸ்டர் மறுநாள் அந்த நாய் இங்க நின்னுக்கினு இருந்தா, வாத்தியார் கறி துன்னுட்டார்னு அர்த்தம்."

முதல் வாரம் லூயிஸ் வீராப்பில் கழித்தார். கீரை, பயறு, முருங்கைக்காய், மறுபடி கீரை. இரண்டாம் வாரம் கனவில் ஆடு வந்தது. உயிரோடு வரவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று லூயிஸ் வீட்டிலேயே தங்கினார். தாள் இருந்தது உண்மை. அடுப்பங்கரையிலிருந்து பட்டையும் சோம்பும் மணத்ததும் உண்மை.

"மேஜருக்குச் சட்டியில வெச்சிருக்கேன். ஆறினதும் போட்டுடுங்க," என்றாள் அல்போன்சா, முக்காட்டைச் சரி செய்துகொண்டே. "எலும்பெல்லாம் எடுத்துட்டேன். மறுபடியும் கோவிலுக்குத் தூக்கிட்டு வந்துடக் கூடாதுல்ல."

"நாய்க்கு எதுக்கு மசாலா?"

"வெள்ளைக்காரன் வளர்த்த நாய். வாய்க்கு ருசியாக் கேக்குது."

அவள் போனாள். லூயிஸ் சட்டியைத் திறந்தார். மூடினார். இது பசியா, ஆசையா என்று தம்மையே கேட்டார். பசியென்றால் கீரை இருக்கிறது. ஆசையென்றால் அது பாவம். அதுவும் வெள்ளிக்கிழமை. அதுவும் நாயின் பங்கு. யோசித்து முடிப்பதற்குள் சட்டி மறுபடி திறந்திருந்தது.

நியாயமாகப் பாதியை மேஜரின் தட்டில் போட்டார். மேஜர் முகர்ந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தது. தட்டை மூக்கால் அவர் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது.

தம் வயிற்றுப் பாட்டை இந்த வீட்டில் புரிந்துகொண்டது இது ஒன்றுதான். கண் கலங்க, சட்டியோடு உட்கார்ந்து தின்றார். நார் நாராக, பஞ்சு போல. இளம் ஆடாக இருக்க வேண்டும்.

கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போது வாசற்கதவு கிறீச்சிட்டது.

"ஜெபப் புஸ்தகத்தை மறந்துட்டேன்," என்று அல்போன்சா உள்ளே வந்தாள். "கன்னம் என்ன இப்படி வீங்கியிருக்கு?"

லூயிஸ் பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"பல்வலியா? கிராம்பு வெச்சு அழுத்திக்குங்க."

தலையாட்டினார். அப்போது பார்த்து மேஜர் எழுந்து வந்து அவர் விரலை ஒவ்வொன்றாக நக்கியது.

"அது ஏன் உங்க கையை விடவே மாட்டேங்குது?"

மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, "பாசம்," என்றார்.

அதன் பிறகு வெள்ளிதோறும் பரீட்சைத் தாள் வந்தது. வெள்ளிதோறும் மேஜர் தட்டைத் தள்ளியது. பதிலுக்கு லூயிஸ் சட்டைப்பையில் பிஸ்கோத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் அதைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அது நண்டைத் துரத்தும். நண்டு வளைக்குள் போனதும் அதுவும் தலையை உள்ளே விட்டு, மூக்கு நிறைய மணலோடு வந்து அவர் வேட்டியில் துடைக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிறவரைக் கண்டு வீட்டில் எழுந்து நிற்பது அது ஒன்றே. ஐம்பது வயதுக்கு மேல் தமக்கு ஒரு சிநேகிதன் கிடைத்திருக்கிறான் என்று நினைத்தபோது, ஈஸ்டரும் நெருங்கிவிட்டது.

வாயைத் திறக்காவிட்டால் மேஜர் பாலவாக்கம் போகும். பட்டினி கிடந்து தமக்கு ஊட்டிய ஜீவன். திறந்தால் தெரு சிரிக்கும். விக்டர் சாகும் வரை சிரிப்பார். நான் எப்படிப்பட்டவன் என்று லூயிஸ் படுத்தபடி கேட்டார். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், எல்லாவற்றையும் கொட்டினார். சாமியார் நீண்ட நேரம் இருமினார். பிறகு, "வாக்கு குடுத்தது உன் சம்சாரத்துக்கு. அவகிட்ட போய்ச் சொல்லு," என்றார்.

போய்ச் சொன்னார். அல்போன்சா அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டாள்.

"அப்ப மேஜர் இங்கதான்."

"இங்கதான்."

"விக்டர் அண்ணன் கேட்டா?"

"தின்னேன்னு சொல்லிக்கறேன். அது எனக்காகப் பட்டினி கிடந்திருக்கு, அல்போன்சா."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார்.

"அது எங்கங்க பட்டினி கிடந்துச்சு? நீங்க பள்ளிக்கூடம் போனதுமே வயிறு முட்டக் கறிச்சோறு தின்னுடும். சட்டியில இருந்தது கறியே இல்ல, மார்க்கெட்ல வாங்கின பலாப்பிஞ்சு. நீங்க கை வெப்பீங்கன்னு தெரியும். அதுக்காக உங்களைப் பாவம் பண்ண விட்டுருவேனா?"

லூயிஸ் மேஜரைப் பார்த்தார். அது வேறு பக்கம் பார்த்தது.

"அப்ப என் விரதம் முறியவே இல்லையே. பேச்சுப்படி நாய் போகணும்."

"போகட்டும். மொதல்ல திரும்பக் கோவிலுக்குப் போயி, செய்யாத பாவத்தைச் செஞ்சேன்னு சொல்லிட்டேன் சாமின்னு சொல்லிட்டு வாங்க," என்றாள் அல்போன்சா. "வரிசையில இப்ப விக்டர் அண்ணன்தான் நிக்கிறாராம், நோரா சொன்னா. அவருக்குப் பின்னால நின்னுக்குங்க."