மேற்கே போனால் முள் ஏறும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போதே கிடைக்காது. எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கக் கூடாது, மூஞ்சியில் அடிக்கும். கொஞ்சம் ஆறட்டும்.

விளாங்குடியைத் தாண்டி ஒரு கண்மாய். அதில் ஒரே ஒரு மோட்டார் படகு. ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்பங்களைச் சுற்றிக் காட்டுவது மருதுவின் பிழைப்பு. மற்ற நாட்களில் வேறொரு பிழைப்பு: மேற்குக் கரைப் புளியந்தோப்பில் கருத்தக்கண்ணன் நடத்தும் சீட்டுக் கச்சேரி. இனி சீட்டைத் தொட மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் பொண்டாட்டி முத்துமீனா. மருதுவும் சட்டம் தெரிந்தவர். தொட மாட்டேன் என்றுதானே சத்தியம். போக மாட்டேன் என்றா சொன்னார்?

போன வாரம் படகில் சூடு காட்டும் மீட்டர் கோளாறு பண்ணியது. மெக்கானிக் தவ்பீக் வந்து பார்த்தான்.

"எஞ்சின் ஜில்லுன்னு இருக்குண்ணே. சென்சார் வயரு தோலுரிஞ்சு எஞ்சின்ல படுது, அதான் முள்ளு சிவப்புக்கு ஓடுது. இங்க பாருங்க மதினி. பட்டுச்சு, ஏறுச்சு. எடுத்தாச்சு, எறங்கிருச்சு."

டேப்பைச் சுற்றிவிட்டுப் போனான். மதினி முத்துமீனா டீ கிளாஸை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

மறுநாள் மருது கிளம்பினார்.

"மீனா, எஞ்சினை ஓட்டிப் பாத்துட்டு வாரேன்."

"நானும் வாரேங்க. படகுல தண்ணி கசியுதுல்ல, மோந்து ஊத்த ஆள் வேணாமா?"

மருது முன்னால், மீட்டரைப் பார்த்தபடி. அவள் பின்னால், எஞ்சின் ஓரமாக, கையில் சொம்போடு. இவளை ஏதாவது சொல்லிக் கரையில் உட்கார வைத்துவிட்டுக் கச்சேரிக்கு நழுவலாம் என்று மேற்கே திருப்பினார். முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போனது.

"ஏங்க, வெடிச்சிருமாங்க?"

பதறிப்போய்க் கிழக்கே திருப்பினார். முள் நல்ல பிள்ளையாக இறங்கிவிட்டது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மருதுவுக்குச் சந்தேகம் பிடித்தது. முதலில் தவ்பீக் மேல். மீட்டரை மாற்றினார். பிறகு கடைக்காரன் மேல். சென்சாரை மாற்றினார். படகைக் கரையில் நிறுத்தி, தனியாக எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் முள் அசையவில்லை. மேற்கே போனால்தான் ஏறுகிறது. எஞ்சினுக்குத் திசை தெரியுமா?

கருத்தக்கண்ணன் போனில் வந்தான்.

"மாப்ள, ஒரு கை குறையுது. வாரியா இல்லையா?"

"சூடு ஏறிருது மாப்ள."

"தொப்புள்ள வெளக்கெண்ணெய் வையி. தணிஞ்சிரும்."

"எனக்கில்லடா, எஞ்சினுக்கு."

"அதுக்கு எம்புட்டு எண்ணெய் வேணும்?"

இவன் மேலும் சந்தேகம் வந்தது. கடைசியில் பொண்டாட்டியிடமே கொட்டினார்.

"என்னமோ சந்தேகமா இருக்கு மீனா."

"எனக்குந்தாங்க. மேக்கால காத்துக் கருப்பு ஏதும் இருக்குமோ?"

வெள்ளிக்கிழமை மருது முடிவெடுத்துவிட்டார். வெடித்தால் வெடிக்கட்டும். மேற்கே திருப்பினார். முள் ஏறியது. அவர் நிறுத்தவில்லை.

"நிறுத்துங்க. எனக்குப் பயமா இருக்கு."

பயப்படுகிறவள் குரல் மாதிரி இல்லையே. மருது திரும்பி, பின்னால் எட்டி, கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் மேல் கையை வைத்தார். மோர்ப்பானை மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து வயரைப் பார்த்தார். டேப் அழகாகப் பிரித்து மடித்துவிடப்பட்டிருந்தது. அதற்கடியில் செம்புக் கம்பி. கம்பியை எஞ்சினோடு சேர்த்து அழுத்தியபடி முத்துமீனாவின் கால்விரல்.

அவள் அசரவில்லை. விரலைத் தூக்கினாள், முள் இறங்கியது. வைத்தாள், ஏறியது.

"புது மீட்டர் எதுக்குங்க வாங்குனீங்க?" என்றாள் முத்துமீனா. "கோளாறு மீட்டர்ல இல்ல, மெட்டியில."