புண் போதாத வீரன்

தடைகளைத் தாண்டி ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்குத் தொடையிடுக்கில் தசை கிழிந்துவிட்டது. அது ஒன்றும் அதிசயமில்லை. மருத்துவர் மூன்று சிறு துளைகள் போட்டு, கேமராக் குழாயை நுழைத்து, உள்ளேயே தைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கேதான் வினை பிடித்தது.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அடுத்த போட்டியில் ஓர் இடம் உண்டு என்பது விளையாட்டுத் துறையின் பெருந்தன்மையான விதி. புண்ணைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய ஒரு குழுவும் உண்டு. அதன் தலைவர் நாற்காலியை விட்டு அநாவசியமாக எழாதவர்.

துணைக்கு வந்த தன் அக்காவைத் திரைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவன் உரிய மரியாதையுடன் கால்சட்டையை இறக்கினான். தலைவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"எங்கேப்பா புண்ணு?"

"அந்த மூணு புள்ளிதான் சார்."

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு."

"இப்பல்லாம் இப்படித்தான் சார் பண்றாங்க. சீக்கிரம் ஆறிடும்."

"என் மச்சானுக்கு ஒரு சாண் தையல். பாத்தவங்கல்லாம் அழுதாங்க. இதைப் பாத்து யாரு அழுவா?"

"நான் வேணா அழட்டுமா சார்?" என்றாள் அக்கா, திரைக்கு வெளியிலிருந்து.

குழு கூடி ஆராய்ந்தது. புண் போதவில்லை, ஆகவே அறுவை நடக்கவில்லை, ஆகவே காயமே இல்லை, காயமில்லாமல் பயிற்சிக்கு வராததால் அணியிலிருந்து நீக்கம்.

அவன் நொண்டிக்கொண்டே மருத்துவரிடம் போனான். "டாக்டர், கொஞ்சம் பெரிசாக் கீறிவிடுங்களேன்."

"சின்னதாக் கீறக் கத்துக்கத்தான்யா என் வாலிபமே போச்சு" என்றார் அவர்.

இதற்கிடையில், அன்று குனிந்து நிமிர்ந்ததிலேயே தலைவருக்கும் அதே இடத்தில் சுருக்கென்று பிடித்துக்கொண்டிருந்தது.

"மூணு துளை போதும் சார்" என்றார் அதே மருத்துவர்.

"என் பதவிக்கு மூணு துளையா?"

தலைவர் வேறு மருத்துவரைத் தேடிப் போய், ஒன்றரைச் சாண் கீறிக்கொண்டு வந்தார். அலுவலகமே வரிசையில் நின்று பார்த்துக் கண்ணீர் உகுத்தது. மறுவாரம் எல்லோரும் லேசாகக் காலை இழுத்து நடந்தார்கள். நேராக நடப்பது மரியாதைக் குறைவு என்றாகிவிட்டது.

விதி விதிதானே. அறுவை செய்துகொண்டவருக்கு இடம் உண்டு. ஓடத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

போட்டி நாளில் அவனுக்குப் புண் தழும்புகூடத் தெரியாமல் ஆறியிருந்தது. அரங்கத்தின் படிகளை மூன்று மூன்றாகத் தாவி ஏறி, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் இடத்துல யாரு நிக்கிறா பாரு" என்றாள் அக்கா.

தலைவர் நின்றார், ஊன்றுகோலோடு. துப்பாக்கி வெடித்தது. மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது, அவர் முதல் தடையை நிதானமாகச் சுற்றிக்கொண்டு போனார். அரங்கம் விம்மியது.

அவனுக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று எழுந்து நின்றான்.

"தம்பி, உக்காருப்பா" என்று பின்னாலிருந்து ஒருவர் மூக்கை உறிஞ்சினார். "நல்ல காலை வெச்சுக்கிட்டு, வீரரை மறைக்கிறியே."