மேரி ராணியை விட்டுவிட்ட பேச்சு

சூரியநெல்லி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மருமகன் ஜின்சனுக்கு,

சிலுவைராஜ் மாமா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தை புஷ்பமேரியும் சுகம். பனிமூட்டமும் சுகம். நீ வக்கீல் என்பதால் ஒரு மனு எழுதித் தர வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் தேயிலை எஸ்டேட் வாசகசாலையில் செயலாளர் தேர்தல். இருபத்திரண்டு வருடமாக என்னை எதிர்த்து யாரும் நின்றதில்லை. சாவி என்னிடம்தான். தேர்தலுக்கு முன் செயலாளர் பேசுவது வழக்கம் என்பதால், ராணிகள் ஆண்ட இங்கிலாந்தின் பொற்காலங்களைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதிப் போனேன். முதலாம் எலிசபெத் காலத்து நாடகக் கொட்டகையைத் தொடங்கும்போதே சன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, முதல் வரிசையைத் தவிர எல்லாரையும் மறைத்துவிட்டது. நிறுத்த மனம் வரவில்லை. ஆன் ராணி காலத்துக் காப்பிக் கடைகளும், விக்டோரியா காலத்தில் குடும்பமே விளக்கடியில் தொடர்கதை கேட்பதும் அந்த வெண்மைக்குள் எனக்கே தெரிந்தன. ரயில் சத்தம்கூடக் கேட்டது. கொழுந்து லாரியாகவும் இருக்கலாம், நிச்சயமில்லை. ராணி ஆண்டால் எழுத்தும் கலையும் செழிக்கும் என்று முடித்தேன். உடனே பனிக்குள்ளிருந்து, கொழுந்து பறிக்கும் நிமியின் குரல்:

"அப்போ நம்ம வாசகசாலைக்கு மட்டும் ஏன் சார் இத்தனை வருசமா ராஜா?"

"அவரு எங்கடி ராஜா? சாவி மாட்டுற ஆணி!" என்றாள் முதல் வரிசையிலிருந்த உன் அத்தை.

ஒரே சிரிப்பு. அங்கேயே நிமியைப் போட்டிக்கு நிறுத்தி, சீட்டு எழுதி, எண்ணியும் முடித்துவிட்டார்கள். அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்தொன்று. ஒரே ஓட்டு, மாப்பிள்ளை!

மனுவுக்குக் காரணம் இருக்கிறது. மேரி என்றொரு ராணியும் ஆண்டாள். அவள் காலத்தை யாரும் பொற்காலம் என்பதில்லை. அதைச் சொல்லியிருந்தால் என் கொள்கையே விழுந்திருக்கும். ஆனால் புஷ்பமேரி எதிரே உட்கார்ந்திருக்க, மேரியைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே வாக்காளர்களிடம் உண்மை மறைக்கப்பட்டது, மறைத்தவன் நானே என்று எழுதி, தேர்தலை ரத்து செய்யக் கேள். நாலு மணிக்குப் பூட்டைத் திறந்து, பனியோடு தனியே உட்காரும் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை.

உன் வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஆசீர்.

இப்படிக்கு,
சிலுவைராஜ்

பி.கு.: மனு வேண்டாம். நிமியை ஜெயிக்க வைத்த அந்த ஒரு ஓட்டு என்னுடையது. பேசி முடித்தபோது என் பேச்சை நானே நம்பிவிட்டிருந்தேன்.