எலி வாத்தியாருக்குத் தெரிந்த எலி

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எலியை 'வாங்க, போங்க' என்று கூப்பிட்ட ஒரே மனிதர் என் அக்கா வீட்டுக்காரர்தான். மருந்தியல் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு சரி. ஊருக்கெல்லாம் அவர் எலி வாத்தியார். அவருடைய மச்சினன் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால் எனக்குக் காது மடல் சூடாகிவிடும்.

ஒருமுறை அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். எலியின் வாலுக்குக் கீழே ஒரு சூடான விளக்கு. சுட்டால் எலி வாலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். மார்ஃபின் என்கிற வலி மருந்து போட்ட எலி ஆற அமர இழுக்கும். அந்த நேரத்தைக் குறிப்பதுதான் அவர் வேலை.

"ஏனுங்க, வாலைக் கொஞ்சம் இப்பிடிக் காட்டுங்க. சுட்டுப்போடுச்சுங்களா? மன்னிச்சுக்கோங்க."

இது எலியிடம். மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

இதைக் கல்லூரியோடாவது வைத்துக்கொண்டாரா? மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தி. ரசம் ஊற்றும் நேரத்தில் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்.

"மார்ஃபின்னு ஒருத்தரு தோட்டத்து மோட்டாருக்குச் சுவிச்சு போடறாருன்னு வெச்சுக்கோங்க. தண்ணி வந்துருமுங்க. அதை வாய்க்கால்ல திருப்பி உடறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா? மூளையில அந்த ஆளுதான் செரோடோனின். முதுகுத்தண்டு வழியா எறக்கி உட்டு வலியை அணைச்சுப்போடுவாரு. அவரு லீவு போட்டுட்டா, மார்ஃபின் போட்டும் எலிக்கு வலி சரியாக் கொறையாதுங்க!"

"எலிக்குங்களா?" என்றவர் மோர் வாங்காமலே எழுந்துவிட்டார். நான் என் இலையைச் சாப்பாட்டோடு தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய், அவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி உட்கார்ந்தேன்.

ஊருக்கெல்லாம் செரோடோனின் பாடம் நடத்தியவர் ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த செரோடோனினைக் கூட்டுகிற மாத்திரையை, மனச்சோர்வுக்காக, அவரே சில வருடங்களாகச் சாப்பிட்டு வந்தார். வைட்டமின் டப்பாவில் ஒளித்து வைத்திருப்பார். அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எங்கள் பக்கம் சர்க்கரை மாத்திரையைப் பெருமையாக எடுத்துக் காட்டுவோம்; மனசுக்கு மாத்திரை என்றால் 'பைத்தியம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அதுவும் அவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம்.

போன வருடம் போத்தனூர் ரோட்டில் ஸ்கூட்டரில் வந்தவர், குறுக்கே ஓடிய பெருச்சாளிக்கு வழிவிடப் போய்த் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று தூக்க வந்தவர்களிடம் கேட்டாராம்.

ஆஸ்பத்திரி அறையில் ஆரஞ்சுப் பழமும் இளநீருமாகச் சொந்தம் அத்தனையும் கூடிவிட்டது. எங்கள் ஊரில் பார்க்கப் போகாவிட்டால்தான் குற்றம். அவிநாசியிலிருந்து வரன் வீட்டாரும் வந்து கட்டிலோரம் நின்றார்கள். வலியில் எலி வாத்தியாருக்கு வேர்த்து ஊற்றியது. இளம் டாக்டரம்மா ஒருவர் ஊசியோடு வந்தார்.

"இது வலிக்கு நல்லாக் கேக்குமுங்க. வேற மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா சார்? சில மாத்திரையோட இது சேந்தா ஆபத்துங்க."

 அக்கா என்னைப் பார்த்தாள். நான் வரன் வீட்டாரைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

எலி வாத்தியார் கண்ணை மூடித் திறந்தார். "டாக்டரம்மா, எனக்குத் தெரிஞ்ச எலி ஒண்ணு..."

"மச்சான், இப்பவுமா!" என்று தலையிலடித்துக்கொண்டேன்.

"இருங்க மாப்ள. நல்ல குடும்பத்து எலிதானுங்க. புள்ள குட்டியெல்லாம் இருக்குது. மனசு மட்டும் ஒருக்கா ரொம்பச் சோந்துபோச்சு. அதனால தெனமும் காத்தால செரோடோனின் மாத்திரை சாப்புடுதுங்க. அந்த எலிக்கு இந்த ஊசியப் போடலாமுங்களா?" சொல்லி முடிப்பதற்குள் வெட்கத்தில் அவர் முகம் சிவந்துவிட்டது.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் திருப்பி வைத்தார். "அந்த எலிக்கு இது ஆகாதுங்க சார். மாத்திரை பேரை மட்டும் சொல்லுங்க. வேற மருந்து போட்டுக்கலாம்."

டாக்டரம்மா காதைக் கொடுத்துக் குனிய, எலி வாத்தியார் மாத்திரையின் பெயரை மெல்லச் சொன்னார்.

"இந்த வலியிலயும் எலி நெனப்புத்தான், பாவம்," என்று வரனின் அப்பா உச்சுக்கொட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கிளம்பும்போது வரனின் அம்மா மட்டும் பின்தங்கினார். தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, "அண்ணா, அந்த மாதிரி எலி எங்க ஊட்லயும் ஒண்ணு இருக்குதுங்க. நான்தானுங்க. எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது," என்றார்.

எலி வாத்தியார் படுத்தபடியே கும்பிட்டார். "நேரந்தவறாமச் சாப்புட்டுப்போடுங்க அம்மணி."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் ரசம் வருவதற்கு முன்பே எலி வாத்தியார் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் நெளிந்தார்கள். நான் என் இலையை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்பறம் அந்த ஆளு என்ன பண்ணுவாருங்க மச்சான்?" என்று கேட்டேன்.